புடகத்தில் ஏறிய வல்லிபுரம்

நாவற்குடாவில் வாவியைப் பார்த்தபடி நிற்கிற கற்பித்தல் சாதனப் பேணற் பணிமனைக்கு ஒரு கதவும் கிடையாது. வாசலுக்கும் இல்லை, அறைகளுக்கும் இல்லை. வாவிப் பக்கத்தில் சுவரே இல்லை, தூண்கள் மட்டும் நிற்கின்றன. கட்டடத்தை ஒப்பந்தம் எடுத்தவர் பாதியில் போய்விட்டார். அவரைத் தேடிப் போன அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் இதையெல்லாம் ஒரு குறையென்று பணிமனை ஒப்புக்கொள்வதில்லை. "உயிருள்ள எதற்கும் கதவு கிடையாது" என்று முன்தூணில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே பணிப்பாளரின் பெயரையும் போட்டிருந்தார்கள்.

வல்லிபுரம் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார்.

அவர் கல்முனை வீதியில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி மங்கையற்கரசி உயிரியல் ரீச்சர். அவர் ஓட்டிய பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்து, பிறகு அவரையே கலியாணம் முடித்தவள். பிள்ளைகள் இல்லை. மாசி மாதத்தில் அவள் இறந்துபோனாள். முப்பத்தோராம் நாள் அமுதுச் சாப்பாடு கொடுத்து முடிந்த பின்னேரம், சொந்தக்காரப் பெண்கள் முறைப்படி அவளுடைய சேலைகளைப் பங்கிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் பிழையாக ஒன்றும் செய்யவில்லை. அவரே "கொண்டுபோங்க, கொண்டுபோங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றார். எல்லோரும் போனபிறகு அலுமாரியைத் திறந்தார். பூச்சி உருண்டை மணம் மட்டும் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் படச்சீலை நினைவுக்கு வந்தது.

வகுப்பில் தொங்கவிட்டுப் பாடம் நடத்துவதற்காக அவள் தைத்தது அது. பெரிய கட்டில் விரிப்பு ஒன்றில் ஒரு உயிர்க்கலம். கலத்துக்குள் இருக்கிற அறைகளெல்லாம் அவளுடைய பழைய சேலைகள். மடிப்பு மடிப்பாக அடுக்கிய நீலக் கைத்தறி ஒரு அறை. பச்சைக் கைத்தறி அடுத்த அறை. சுற்றிவர ஓடுகிற மென்சவ்வு செங்கல் நிறச் சேலை. ஒரு மாரி முழுக்கப் பின்னேரங்களில் விறாந்தையில் விரித்துப்போட்டுத் தைத்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய வேலை.

"இஞ்சாருங்க, ஒரு அறையில செஞ்ச புரதம் மத்த அறைக்கு நடந்து போகாது" என்பாள், வகுப்புக்குச் சொல்லிப் பார்க்கிற குரலில். "அறையின்ட மென்சவ்வே கொஞ்சம் பிதுங்கி, புரதத்த உள்ளுக்க வச்சு, குமிழியாக் கழண்டு போகும். அதான் புடகம். போய் மத்த அறையின்ட மென்சவ்வோட ஒட்டி ஒண்டாப் போயிடும்."

"அப்ப பஸ் டிப்போவுக்குப் போய் டிப்போவாவே ஆகிப்போகுது."

"ஓம். பயணி மட்டும் இறங்கிருவார்."

"நல்ல டிப்போ! இப்பிடிப் போனா பஸ் எல்லாம் முடிஞ்சுபோகுமே."

"அதுக்குத்தான் திரும்பி வாற புடகமும் இருக்கு. நீங்க முதல்ல சீலையத் தூக்கிப் பிடிங்க."

அவள் போனபிறகு பள்ளிக்கூடத்தார் அந்தப் படச்சீலையை இந்தப் பணிமனைக்கு அனுப்பிவிட்டார்கள். காலமான ஆசிரியர்களின் கற்பித்தல் சாதனங்களைப் பேணிப் பாதுகாப்பதற்கென்றே உண்டான பணிமனை. அவளுடைய சேலைகளில் இனி அவருக்கென்று மிஞ்சியிருந்தது அதில் தைத்த துணி மட்டுந்தான். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று வல்லிபுரம் வந்திருந்தார்.

செருப்பைக் கழற்றாமலே ஒரு அடி வைத்தார்.

"அண்ணன், அவடத்தயே நில்லுங்க! நடக்கப்படா!"

ஓடிவந்தவர் அலுவலக உதவியாளர் ஜிப்ரி, காத்தான்குடிக்காரர். கையில் இரண்டு பிரம்பு வளையங்களும் தோளில் ஒரு வீச்சுவலையும் வைத்திருந்தார்.

"நடக்காம எப்பிடித் தம்பி போற?"

"புடகத்துல போற. இந்தக் கட்டடம் முழுக்க இப்ப ஒரு கலமாக்கும். நீங்க உள்ளுக்க வந்தாப் புரதம். பணிப்பாளர் அம்மணியின்ட ஓடர். நேத்து ஒரு பள்ளிக்கூட அதிபர இப்பிடித்தான் கொண்டு போன நான்."

"அவர் போய்ச் சேர்ந்தாரா?"

ஜிப்ரி அந்தக் கேள்வியைக் காதில் வாங்காதவர் மாதிரி, வல்லிபுரத்தின் முழங்கையைப் பிடித்து முதலாவது பிரிவுக்குள் விட்டார்.

முதலாவது பிரிவுக்கு, கலத்தில் புரதம் உண்டாகிற அறையின் பெயரான அகமுதலுருச் சிறுவலை என்று பெயர்ப்பலகை போட்டிருந்தது. பொறுப்பாயிருந்தவர் விதுர்ஷா என்ற இளம் உத்தியோகத்தர். பக்கத்தில் நின்ற எலும்புக்கூட்டின் விரல்களில் தேத்தண்ணிக் கோப்பைகள் தொங்கின. அதுவும் யாரோ காலமான ரீச்சருடையதாக இருக்கவேண்டும்.

"உயிரியல் ரீச்சர் மங்கையற்கரசி தச்ச படச்சீலை கேட்டு வந்திருக்கன், புள்ள. நான் அவட மனிசன்."

"அதெல்லாம் பிறகு ஐயா. முதல்ல நீங்க மடியணும்."

"என்ன?"

"புதுசா வாற புரதம் சரியா மடிஞ்சாத்தான் அடுத்த பிரிவுக்கு விடுவம். மடியாத புரதத்த விட்டாக் கலத்துக்கே கூடாது." விதுர்ஷா நிலத்தில் சுண்ணக்கட்டியால் கீறியிருந்த ஒரு உருவத்தைக் காட்டினாள். இரண்டு முழங்காலும் மடிந்து, கைகள் குறுக்கே கட்டி, தலை சற்றுச் சரிந்த ஒரு ஆள். "இப்பிடி இருங்க."

வல்லிபுரம் இருந்து பார்த்தார். வலது கால் மடிந்தது. இடது கால் நீட்டியபடியே நின்றது.

"இது கிளச் மிதிச்ச கால், புள்ள. இனி மடியாது."

"அப்ப உங்களை இஞ்சயே வச்சிருக்கத்தான் வேணும். கனநாள் மடியாம இருந்தா உடைக்கிற பிரிவுக்கு அனுப்பச் சொல்லி இருக்கு."

"என்னத்த உடைக்கிற?"

"தெரியாது ஐயா. அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடல்ல."

மூலையில் இடுப்புவலிக்கார அதிபர் ஒருவர் நேற்றிலிருந்து மடிய முயன்றுகொண்டிருந்தார். அவர் வல்லிபுரத்தைப் பார்த்து, பஸ்ஸில் பக்கத்து இருக்கை கிடைத்தவரைப் பார்ப்பதுபோலத் தலையசைத்தார்.

விதுர்ஷா இரக்கமுள்ள பிள்ளைதான். "துணைக்கு யாரும் வந்திருக்காங்களா? தானா மடிய ஏலாத புரதத்துக்குத் துணைப் புரதம் பக்கத்தில நிண்டாக் காணும், ஏத்துக்கொள்ளுவம். மனிசி, மகன், மகள், ஆராவது?"

வல்லிபுரம் நீட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டார். "மனிசியின்ட சீலை கேட்டுத்தான் புள்ள வந்த நான்."

"அப்ப துணை இல்ல" என்று அவள் பதிந்துகொண்டாள்.

அந்தச் சொல்லை மாசியிலிருந்து யாரும் அவருக்கு நேரே சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் வேறு வேறு மாதிரித்தான் சொன்னார்கள். பணிமனைதான் சுருக்கமாகச் சொன்னது.

"நான் இரிக்கன் புள்ள, அண்ணனுக்குத் துணைண்டு எழுதிக்க" என்றார் ஜிப்ரி. வந்து வல்லிபுரத்தின் தோளில் கையை வைத்தார். விதிப்படி இடது கால் மடிந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. பார்வையாளர் அட்டை முடிந்துபோயிருந்ததால், ஊழியருக்கான அட்டை ஒன்றை விதுர்ஷா அவருடைய சட்டையில் குத்திவிட்டாள். பிறகு எழுந்து போய், அறையின் வாசலில் தொங்கிய நீலத் திரையில் ஒரு பெரிய துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

வல்லிபுரத்துக்கு அப்போதுதான் பிடிபட்டது. துணியின் மடிப்புகளில் தையல் விட்டுப்போன ஊசித் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பொட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதகர் வந்த நாளில் அவள் அவசரமாக இஸ்திரி போட்டுச் சுட்டுக்கொண்டது.

"புள்ள, வெட்டாத! இது எங்கட வீட்டுச் சேலை!"

"இது பணிமனையின்ட மென்சவ்வு, ஐயா" என்றாள் விதுர்ஷா மரியாதையாக. "புடகம் எப்பவும் அனுப்புற பிரிவின்ட மென்சவ்வாலதான் செய்யணும். ஓடர் அப்பிடி."

வெட்டிய துணியை ஜிப்ரி இரண்டு வளையங்களுக்கும் சுற்றிக் கட்டினார். வல்லிபுரம் நடுவில் நின்றார். மேலே வீச்சுவலையை எறிந்து மூடினார்கள். புடகம் கழன்று புறப்படும்போது அதற்கு ஒரு வெளியுறை வேண்டுமாம். பின்வளையத்தைத் தூக்க ஆள் பற்றாக்குறை என்பதால், அதை வல்லிபுரமே தூக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், தான் ஏறிய பஸ்ஸைத் தானே தள்ளிக்கொண்டு, நிலத்தில் கீறியிருந்த வெள்ளைக் கோட்டின்மேல் போனார்.

நடைபாதையின் நடுவில் ஜிப்ரி நின்றுவிட்டார்.

"என்ன தம்பி?"

"போய்ச் சேர முந்தி வலையக் கழட்டணும். வெளியுறையோட போய் ஒட்ட ஏலாது. கழட்டுற உத்தியோகத்தர் லீவு."

"நீங்க கழட்டுங்களன்."

"நான் போடுற ஆள் அண்ணன். கழட்டுறது வேற கிரேட் ஆக்கள்."

ஆகவே நின்றார்கள். துணிக்குள் வெளிச்சம் நீலமாக இருந்தது. வல்லிபுரம் யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துணிக்குக் கிட்டக் கொண்டுபோனார். சவர்க்கார மணம் இல்லை. அவளுடைய மணமும் இல்லை. சுண்ணாம்புத் தூசு மணந்தது.

"அண்ணன், ரீச்சர் மௌத்தாப் போன செய்தி கேட்ட நான்" என்றது வெளியே ஜிப்ரியின் குரல். "எங்கட மகளுக்கும் அவதான் படிப்பிச்ச. ஏசமாட்டாவாமே?"

"வீட்டிலதான் ஏசுவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். துணி இருந்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. கடைசியில், அந்தப் பக்கமாக வந்த பூனை ஒன்று வலையைப் பிறாண்டி இழுத்துக்கொண்டு போக, வெளியுறை இயற்கையாகவே கழன்றதாக ஜிப்ரி தீர்மானித்தார்.

இரண்டாவது பிரிவு கொல்கி, கலத்தில் புரதத்தைப் பொதிகட்டி அனுப்புகிற அறை. பொறுப்பாளர் நிஸ்தார் நீலத் துணியைக் கொளுக்கிகளால் தன் அறைத் திரையோடு பூட்டி, விரித்து, வல்லிபுரத்தை உள்ளே இறக்கினார். அவருடைய அறைத் திரை பச்சை. ஆனால் முதலாவது பிரிவிலிருந்து நாளாந்தம் வந்துசேர்ந்த நீலம் சேர்ந்து சேர்ந்து, நிலம் முழுக்கத் துணி மடிந்து கிடந்தது. நிஸ்தார் இடுப்பளவு துணிக்குள் கதிரை போட்டிருந்தார்.

"இவ்வளவையும் வச்சு என்ன செய்யிற?" என்று கேட்டார் வல்லிபுரம்.

"எங்கட பிரிவு வளருது" என்றார் நிஸ்தார் பெருமையாக. "இந்தாங்க, சீனி."

கொல்கியில் புரதத்துக்குச் சீனி ஒட்டவேண்டும் என்பது விதி. நூலில் கோத்த சீனிக்கட்டி மாலை ஒன்றை அவர் வல்லிபுரத்தின் கழுத்தில் போட்டார்.

"எனக்குச் சீனி வருத்தம் தம்பி."

"தின்னத் தேவையில்ல, ஒட்டியிருந்தாப் போதும்." சட்டையைச் சரிசெய்யக் குனிந்த நிஸ்தாரின் கண்ணில் அட்டை பட்டது. முகம் மாறியது. "இது முதலாவது பிரிவு ஊழியரின்ட அட்டை. நீங்க அங்க இரிக்க வேண்டிய ஆள், தவறி வந்திட்டீங்க. திருப்பி அனுப்பணும்."

"அப்ப எனக்குத் திரும்பிப் போற புடகம் ஒண்டு செய்வீங்களா?" வல்லிபுரத்துக்கு விறாந்தையில் கேட்ட பாடம் கொஞ்சம் ஞாபகம் இருந்தது.

"விதிப்படி செய்யணும். அதுக்கு எங்கட துணிய வெட்டிக் குடுக்கணும். வந்த துணிய எந்தப் பிரிவாவது திருப்பிக் குடுக்குமா?" நிஸ்தார் துணிக்குவியலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "திரும்பிப் போறவங்க நடக்கலாம்."

வல்லிபுரம் வெள்ளைக் கோட்டின்மேல் தன்பாட்டில் நடந்து முதலாவது பிரிவுக்குத் திரும்பினார். அவருக்குப் பின்னால் எறும்புகள் வந்தன. அவர் பிந்தி வந்த ஊழியர் என்று பதியப்பட்டு, தேத்தண்ணி கொடுக்கப்பட்டு, புதிதாக வந்த ஒரு சங்கீத ஆசிரியரை மடிக்கும்படி பணிக்கப்பட்டார். அதையும் செய்தார். பிறகு விதுர்ஷா பிழையைக் கண்டு அட்டையைக் கழற்றி, வாசலில் மிச்சமிருந்த நீலத்தையும் வெட்டி அவரைச் சுற்றினாள். அவளுடைய அறை வாசல் இப்போது முழுக்கத் திறந்து கிடந்தது. வீதியில் போகிறவர்கள் அவள் சோற்றுப்பார்சலைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இந்தத் தடவை அவர் கொல்கியில் இறங்கியபோது பணிப்பாளர் கஜானியே அங்கே நின்றார்.

"ஐயா! எங்கட ரீச்சரின்ட ஐயா!" கஜானி இரண்டு கையாலும் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "நான் ரீச்சரின்ட மாணவி. இந்தப் பணிமனைக்கு என்னைப் போட்ட நேரம் கதவில்ல, சுவரில்ல, ஒண்டுமில்ல. அழுதநான். அப்பதான் ரீச்சரின்ட படச்சீலை வந்து சேர்ந்தது. விரிச்சுப் பார்த்தன். கதவில்லாம ஒரு கலம் எவ்வளவு அழகா வேலை செய்யுது! அண்டைக்கே வெட்டச் சொல்லிட்டன்."

"பேணி வைக்கத்தானே தந்தவங்க, மகள்."

"பேணுறதெண்டா பெட்டியில வச்சுப் பூட்டுறதில்ல, ஐயா. மற்றப் பணிமனைகள் அப்பிடித்தான் செய்யுதுகள். நாங்க அதுக்கு உயிர் குடுத்திருக்கம். ரீச்சர் ஒரு துண்டு கூட வீணாப் போகல்ல. ஒவ்வொரு நாளும் அவவை வெட்டி வெட்டிப் பாவிக்கிறம்."

நிஸ்தார் மெல்லக் கைதட்டினார்.

வல்லிபுரம் நிஸ்தாரின் பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற அன்று, டிப்போவில் மாலை போட்டுச் சோடா கொடுத்து அனுப்பிய பிறகு, இருவரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்கள். அவள் ஏறிய பஸ்ஸையெல்லாம் அதுவரை அவர்தான் ஓட்டியிருந்தார். பக்கத்தில் இருந்து பயணம் செய்தது அன்றுதான். ஜன்னல் ஓரத்தில் அவள் தூங்கிப்போனாள். இறங்குமிடம் வரும்வரை அவர் அவள் உடுத்திருந்த அந்தப் பச்சைச் சேலையின் கரையை விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"மகள், எல்லாம் வேணாம். இந்தப் பச்சையில ஒரு துண்டு தந்தாக் காணும்."

கஜானி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "மென்சவ்வைத் தனியாளுக்குக் குடுக்க விதியில்ல ஐயா. குடுத்தா நாளைக்கு ஆரும் வந்து கேட்பாங்க. ஆனா உங்களை வெறுங்கையோட அனுப்பவும் எனக்கு மனமில்ல. மற்றப் பணிமனைகள் வந்த சனத்தை வெளிய போகச் சொல்லும். நாங்க அப்பிடிச் செய்யிறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "உங்களைச் சுரக்கிறதெண்டு தீர்மானிச்சிருக்கன்."

முணுமுணுத்தபடி நிஸ்தார் பச்சைத் திரையை வெட்டிக் கொடுத்தார். வளையங்களுக்கு நடுவில் வல்லிபுரம் நின்றார். வலை போட்டார்கள், கழற்றினார்கள். அது ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. பச்சைக் கரை அவருடைய விரல்களுக்கிடையில் இருந்தது. வெள்ளைக் கோடு முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தார். ஜிப்ரிக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். வேண்டுமென்றே மெல்ல மெல்ல நடந்தார்.

கோடு முடிந்தது. வாவிப் பக்கத்துத் தூண்களுக்கிடையில், வெளிமென்சவ்வாகத் தொங்கிய செங்கல் நிறத் துணியோடு கொளுக்கிகள் பூட்டப்பட்டன. பச்சை விரிந்து திறந்தது. வல்லிபுரம் புல்லில் நின்றார். எதிரே வாவி. பின்னால் துணி மென்சவ்வோடு மென்சவ்வாகிவிட்டது. பயணி மட்டும் இறங்கியிருந்தார்.

திரும்பிப் பார்த்தார். உள்ளே நின்றபோது அவருடைய முகத்துக்கு நேரே இருந்த பக்கந்தான் இப்போது வெளியே, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது அப்பிடித்தான் அண்ணன்" என்றார் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜிப்ரி. "புடகத்துட உள்பக்கந்தான் கலத்துக்கு வெளிப்பக்கமா வரும்."

"தொடலாமா?"

"வெளிப்பக்கம் எங்கட பொறுப்பில்ல."

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு பின்னேரமும் வந்து புல்லில் இருந்தார். தோணிக்காரர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பணிமனை மூடியபிறகு நாலு கொளுக்கியைக் கழற்றினால் துணி கையில் வந்துவிடும். கை போகவும் செய்தது. ஆனால் அதைக் கழற்றினால், அந்த ஓட்டையை அடைக்க அவர்கள் அவளுடைய வேறொரு சேலையை வெட்டுவார்கள். கையை எடுத்துக்கொண்டார்.

மாரி தொடங்கியது. அவர் மழைக்கு ஒரு தறப்பாள் கொண்டுவந்து துணிக்கு வெளியே நாலு கம்பு நட்டுக் கட்டினார். அடுத்த நாள் கஜானி நேரில் வந்து, மிகவும் வருத்தத்தோடு அதைக் கழற்றச் சொன்னார். "இது விலங்குக் கலம், ஐயா. விலங்குக் கலத்துக்குக் கலச்சுவர் கிடையாது. ரீச்சர் இருந்தாப் புள்ளி குறைப்பா."

தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு போனார். ஒரு குடையோடு திரும்பி வந்தார்.

குடை பிடித்த மனிதன் சுவரா என்று உள்ளே ஒரு கூட்டம் நடந்தது. சுவரில்லை என்று முடிவானது. பணிமனையின் ஆண்டறிக்கையில் வல்லிபுரம் 'புறக்கலச் சூழல்' என்று குறிக்கப்பட்டிருக்கிறார்.

வாவியிலிருந்து மழை சரிந்து அடித்தது. துணியை விலக்கிக்கொண்டு ஜிப்ரி தலையை நீட்டினார்.

"அண்ணன்! முதுகெல்லாம் நனையுதே! குடைய உங்கட தலைக்குப் புடிங்க!"

வல்லிபுரம் குடையை இன்னும் கொஞ்சம் பச்சைப் பக்கமாகச் சரித்தார்.

"நான் காஞ்சிருவன், தம்பி. இது சாயம் விடும்."